மாப்பிள்ளையின் அணையா அடுப்பு

வாங்க மாப்ளே, வாங்க. செருப்பைக் கழட்டிட்டு இப்படித் திண்ணையில உக்காருங்க. இந்தா புள்ள, மாப்ளைக்கு ஒரு செம்பு தண்ணி கொண்டா. அதென்ன வாசல்ல உறுமுது? ஆளு இறங்கி வந்து அஞ்சு நிமிசமாச்சு, வண்டி மட்டும் ஏன் நின்ன எடத்துல ஓடிக்கிட்டுக் கெடக்கு? அணைச்சுட்டு வர்றதுதானே?

“அணைச்சா எந்திரிக்காது மாமா.”

அப்படிச் சொல்லு. மாமன் வீட்டுல ரொம்ப நேரம் உக்காரக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருக்கியோன்னு நெனச்சேன். வடலூர்ல வள்ளலார் 1867ல பத்தவச்ச அடுப்பு இன்னைக்கு வரைக்கும் அணையலேங்குறாங்க. அது ஊர்ப் பசிய ஆத்துற அடுப்பு. அந்தமான் மாயாபந்தர்ல நீ ஒண்ணு பத்த வச்சிருக்க, இது டீசல் பங்குக்காரர் பசிய ஆத்துது. கடல் தாண்டிக் கப்பல்ல வந்து எறங்குற டீசல டீக்கடை வாசல்ல நின்னபடிக்கே எரிக்கிறதுக்கு ஒரு மனசு வேணும். பெரிய மனசு. உங்கப்பன்கிட்ட அது இல்ல, உனக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியல.

இன்னொண்ணும் கவனிச்சேன். ஜெட்டிக்கு மீன் வாங்க வந்தா எல்லாரும் கீழ நிறுத்துறாங்க, நீ மட்டும் மேட்டுல ஏத்தி, மூக்கைப் பள்ளத்தப் பாத்து வச்சு, சக்கரத்துக்கு ஒரு கல்லக் குடுத்துட்டு வர்ற. மீன வாங்கினதும் கல்ல எடுக்குற, உருட்டி விடுற, கியர்ல விடுற, ஒரு உதறு உதறி எடுத்துக்குது. நம்ம ஊரு மேடும் பள்ளமுமா அமைஞ்சது உன் அதிர்ஷ்டம் மாப்ளே. இதே தஞ்சாவூரா இருந்தா நீ வண்டிய வித்து மாடு வாங்கியிருக்கணும். ஆனா அந்த உருட்டி எடுக்குற சமாச்சாரத்த நெனப்புல வச்சுக்க, பின்னாடி வேணும்.

சரி, போன மாசம் ரங்கத்துக்குப் பொண்ணு பாக்கப் போனியே, அது என்ன கதை? உங்கம்மா பாதியத்தான் சொன்னா. 70 கிலோமீட்டர் ஓட்டிட்டுப் போயி, பொண்ணு வீட்டு வாசல்ல வண்டிய ஓடவிட்டுட்டே உள்ள போயி உக்காந்திருக்க. காபி வருது, கேசரி வருது, பொண்ணு வருது, வாசல்ல உன் வண்டி கடகடன்னு நிக்குது. பொண்ணோட அப்பா ரெண்டு தடவ எட்டிப் பாத்தாராமே. “மாப்ள ஏதும் அவசரமாப் போகணுமா”ன்னு கேட்டாராமே. அதுக்கு நீ “இல்லிங்க, அது அப்படியே இருக்கட்டும்”னு சொன்னியாமே. பொண்ணு பாக்கப் போன எடத்துல, ஓடத் தயாரா வண்டிய நிறுத்தி வச்சவன் நம்ம வம்சத்துல நீதான் மொத ஆளு.

இந்த வண்டிய மெட்ராஸ்ல செகண்ட்ஹேண்டா புடிச்சு, கப்பல்ல ஏத்திக் கொண்டாந்த அன்னிக்கு இந்த மாமன் நெனப்பு உனக்கு வரல. சந்தனம் தெரிஞ்சுது, சாமந்தி மாலை தெரிஞ்சுது. பிரேக் பெடல் ரப்பர் சோப்புக்கட்டி மாதிரி வழுவழுன்னு இருந்தது உனக்குத் தெரியல. மீட்டர்ல 70 ஆயிரம். மாப்ளே, மீட்டரத் திருப்ப ஆளு இருக்கு, பெடல் ரப்பரத் திருப்ப ஆளு இல்ல. அன்னிக்கே சொல்லியிருப்பேன், கேட்டிருந்தா.

இதுவரைக்கும் என்னென்ன பண்ணின, சொல்லு கேப்போம். புது பேட்டரி. சரி. டீசல் ஃபில்டர். அது நல்லதுதான், எப்படியும் மாத்த வேண்டியது. அப்புறம்? ஹீட்டர் பிளக்கு நாலும் புதுசா? அட என் ராசா. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சியே, அதுல கூட ஒரு நாயம் இருக்கு. பழம் கெடைச்ச ஆடாவது சந்தோசப்பட்டிருக்கும். ஹீட்டர் பிளக்கு எதுக்குன்னு தெரியுமா உனக்கு?

டீசல் இஞ்சின்ல தீப்பொறி கெடையாது. பெட்ரோல் வண்டிக்குத்தான் ஸ்பார்க் பிளக்கு. இதுல காத்த உள்ள இழுத்துப் பதினாறுல ஒரு பங்கு, இருபதுல ஒரு பங்குன்னு நசுக்குவான். நசுங்குற காத்து 500 டிகிரிக்கு மேல காஞ்சு போவும். அதுல டீசலப் பனிச்சாரலா அடிச்சா தானாப் பத்திக்கும். சைக்கிளுக்குக் காத்தடிக்கிறப்ப பம்போட அடி சுடுதுல்ல, அதே கதைதான். இதக் கண்டுபிடிச்ச ருடால்ஃப் டீசல்னு ஜெர்மன்காரன் 1897ல இஞ்சின ஓட்டிக் காட்டிட்டான். 1900ல பாரிசு கண்காட்சியில கடலை எண்ணெய ஊத்திக்கூட ஒரு டீசல் இஞ்சின ஓட்டியிருக்காங்க. நாம வடை சுடுற எண்ணெய் மாப்ளே. 1913ல கப்பல்ல இங்கிலாந்துக்குப் போனவன் ராத்திரியோட ராத்திரியா காணாமப் போயிட்டான், அப்புறம் கடல்லதான் பொணம் கெடச்சுது. என்ன ஆச்சுன்னு இன்னிக்கும் சண்டை. சூட்டுல ஸ்டார்ட் ஆவாத வண்டி ஏதாவது அவன்கிட்ட இருந்திருக்குமோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

வெளியில குளிரு கடுமையா இருந்தா, இஞ்சின் இரும்பு அந்தக் காத்தோட சூட்டத் திருடிக்கும். அப்பத்தான் உள்ள ஒரு கம்பியப் பழுக்க வச்சு ஒத்தாச பண்ணணும். அதுதான் ஹீட்டர் பிளக்கு. காஷ்மீர்ல வேணும், ஊட்டியில விடியக்காலம் வேணும். மாயாபந்தர்ல நாம போர்வ போத்துறதே கொசுவுக்குப் பயந்துதான். அதுலயும் உன் வண்டி காலையில சில்லுன்னு இருக்குறப்ப ஒரே கிர்ருல எடுத்துக்குது, ஓடிச் சூடானப்புறம்தான் மக்கர் பண்ணுது. வேத்து வழியுற மனுசனுக்கு கம்பளி வாங்கிப் போத்தியிருக்கியே மாப்ளே, அதுவும் நாலு கம்பளி.

கோவிச்சுக்காத. இந்தத் தண்ணியக் குடி. கேள்வி கேக்குறேன், யோசிச்சு பதில் சொல்லு. வண்டி சூடா இருக்குறப்ப சாவி போட்டா, செல்ஃப் எப்படிச் சுத்துது? சோம்பேறியா, ர்ர்ர், ர்ர்ர்னு முக்கிச் சுத்துதா, இல்ல காலையில சுத்துற மாதிரியே விறுவிறுன்னு சுத்துதா?

“விறுவிறுன்னுதான் மாமா. சுத்துது, சுத்துது, புடிக்கத்தான் மாட்டேங்குது.”

நல்லாப் பாத்திருக்க. முக்கிச் சுத்தினா கதை வேற. செல்ஃப் மோட்டார் இஞ்சினோட விலாவுல ஒட்டிக்கிட்டு கெடக்கு. இஞ்சின் சூட்டுல அதுவும் வேவும். செம்புக் கம்பி 60 டிகிரி கூடுதலாச் சூடேறினா அதுல கரண்டுக்குத் தடை கால்வாசி ஏறிப் போவும். அதோட நம்ம ஊரு உப்புக்காத்து இருக்கே, எர்த் கேபிள் முனையில பச்சைப் பூத்துக் கெடக்கும். புஷ் தேஞ்சிருக்கும், கார்பன் தேஞ்சிருக்கும். மீட்டர வச்சுப் பாத்தா, செல்ஃப் அடிக்கிறப்ப பேட்டரி ஒம்போதரை வோல்ட்டுக்குக் கீழ விழுந்துரும். அப்படி இருந்தா உப்புத்தாளு எடுத்து கேபிள் முனையத் தேச்சாலே பாதி தீரும். உனக்கு அது இல்ல. அப்ப புது பேட்டரியும் வீண். எலுமிச்சம்பழத்தோட சேத்துக் கணக்குல எழுதிக்க.

ரெண்டாவது கேள்வி. செல்ஃப் சுத்துறப்ப ஆர்.பி.எம். முள்ளப் பாத்தியா?

பாக்கலியா. உன் கண்ணு பூராவும் சாவியிலயும் பின்னாடி ஆரன் அடிக்கிறவன் மூஞ்சியிலயும்தான் இருந்திருக்கும். வா, போயிப் பாப்போம். போனட்டத் திற. இப்ப அணை. அட, அணைன்னா அணை, நான் இருக்கேன்ல. இப்ப சாவியப் போட்டு செல்ஃப் அடி. முள்ளு லேசா எழும்பி 200க்கு மேல நிக்குது பாத்தியா? அப்ப கிராங்க் சென்சார் உசுரோட இருக்கு. அந்தச் சென்சார் சில வண்டியில சூடானா மயங்கி விழும், ஆறினா எந்திரிக்கும். இஞ்சின் சுத்துதுங்குறத கம்ப்யூட்டருக்குச் சொல்றதே அதுதான். அது மயங்கிட்டா செல்ஃப் எவ்வளவு சுத்தினாலும் கம்ப்யூட்டருக்கு வண்டி நிக்கிற மாதிரிதான் தெரியும். முள்ளு பொணம் மாதிரி படுத்திருந்தா அதச் சந்தேகப்படணும். எல்லா வண்டியிலயும் முள்ளு சொல்லாது, உன்னது சொல்லுது. முதல்ல காது, அப்புறம் கண்ணு, அதுக்கப்புறம் கை, எல்லாத்துக்கும் கடைசியிலதான் பர்ஸ். நீ பர்ஸுல ஆரம்பிச்சுட்ட.

புடிக்கலையா? தெரியும், புடிக்காது. விடு, அடிச்சது போதும், செல்ஃப் வேவுது. இப்படி வந்து நிழல்ல உக்காரு, ஒரு கதை சொல்றேன்.

எண்பதுகள்ல நான் ஒரு மரக் காண்டிராக்டர்கிட்ட ஜீப்புல கிளீனரா இருந்தேன். டீசல் ஜீப்பு, ரோட்டரி பம்பு. காலையில கும்பிட்டுச் சாவி போட்டா உடனே எடுத்துக்கும். மத்தியானம் காட்டுக்குள்ள ஒரு மணி நேரம் ஓடிட்டு நிறுத்தினா, அவ்வளவுதான், மலைய நகத்தலாம், அத நகத்த முடியாது. எங்க டிரைவர் அண்ணன் பெரிய கைகாரர். ஒரு வாளி தண்ணி மொண்டாரச் சொல்வார். போனட்டத் தொறந்து, கண்ண மூடி, வாய்க்குள்ள என்னமோ முணுமுணுத்து, பம்பு மேல மட்டும் மெல்ல மெல்ல தண்ணிய ஊத்துவார். அஞ்சு நிமிசம். அப்புறம் சாவி போட்டா எடுத்துக்கும். எங்க காண்டிராக்டர் அசந்து போனார். “என்னப்பா மந்திரம்”னு கேட்டா, “முருகனுக்கு அபிசேகம் முதலாளி”ம்பார் அண்ணன். அந்த அபிசேகத்துக்குன்னு மாசாமாசம் தனியா அஞ்சு ரூபா வேற வாங்கிக்கிட்டார். பம்ப மாத்தினா அஞ்சு ரூபா நின்னுரும்னு ரெண்டு வருசம் வாயத் தொறக்கல. அவருக்கு நான் சிஷ்யன், அதையும் மனசுல வச்சுக்க.

மந்திரம் என்னன்னு கேளு. உங்கத்த அன்னிக்குத் தையல் இலையில சோறு போட்டா, உன் வேட்டி நனஞ்சுது, ஞாபகம் இருக்கா? சாம்பார் ஊத்துறப்ப ஒண்ணும் ஆவல. ரசம் ஊத்தினதும் தையல் வழியா ஒழுகி மடியெல்லாம் ஈரம். இலை அதே இலை, ஓட்டை அதே ஓட்டை. சாம்பார் கெட்டி, நின்னுச்சு. ரசம் தண்ணி, ஒழுகுச்சு. டீசலும் அப்படித்தான். சில்லுன்னு இருந்தா சாம்பார், காஞ்சா ரசம். 40 டிகிரியில இருக்குற கெட்டி, 80, 90 டிகிரி போனா பாதிக்கும் கீழ எறங்கிரும். பம்புக்குள்ள இரும்புக்கும் இரும்புக்கும் நடுவுல இருக்குற எடவெளி ரெண்டு மூணு மைக்ரான். உன் தலமுடி 70 மைக்ரான் வரும், இருக்குற முடியச் சொல்றேன். அந்த எடவெளி கொஞ்சம் தேஞ்சு அகண்டு போச்சுன்னா, காலையில சாம்பார் தாங்கும். மத்தியானம் ரசம் தாங்காது. பம்பு அமுக்குற டீசல் நாசிலுக்குப் போவாம வந்த வழியே ஒழுகிரும். தண்ணி ஊத்தினா பம்பு குளுந்து, உள்ள இருக்குற டீசல் மறுபடி சாம்பாராயிரும். அம்புட்டுத்தான் அபிசேகம்.

அதே காட்டுல மரம் இழுக்குற ஆனைங்களும் இருந்துச்சு. வெள்ளன எழுப்பி வேல வாங்கி, வெயில் ஏறினா ஓய்வு, குளியல். சூடேறின ஆனைய யாரும் எழுப்பிப் பாக்க மாட்டான். வடக்கு அந்தமான்ல மரம் வெட்டின கல்கத்தாக் கம்பெனி ஒண்ணு நொடிச்சுப் போயி, 1962ல தன்னோட ஆனைங்கள இன்டர்வியூ தீவுலயே விட்டுட்டுப் போயிருச்சு. இங்கேருந்து படகுல போற தொலைவுதான். அதுங்க காட்டு ஆனையாவே மாறிப் போச்சு. நீயும் உன் வண்டியக் கொண்டு போயி அங்க விட்டுரலாம்னு சொல்ல வர்றேன்னு நெனச்சுக்காத. ஆனைக்கு அங்க தழை இருக்கு. உன் வண்டிக்கு டீசல் பங்கு இல்ல.

வாளியத் தேடாத மாப்ளே. உன்னது அந்தக் காலத்து பம்பு இல்ல, காமன் ரெயில். 1997ல இத்தாலிக்காரன் மொதல்ல கார்ல கொண்டாந்து விட்டான், அதுக்கப்புறம் ஒலகம் பூரா அதுதான். பம்பு அமுக்குற டீசல் ஒரு தடிச்ச குழாயில போயித் தேங்கி நிக்கும். அதுலேருந்து நாலு இன்ஜெக்டரும் கம்ப்யூட்டர் சொல்றப்பச் சொல்றப்ப வாயத் தொறந்து அடிக்கும். ஓடுறப்ப அந்தக் குழாயில 1600 பார் வரைக்கும் அழுத்தம் ஏறும். உன் டயர்ல இருக்குறது ரெண்டு பார் சொச்சம், ஒப்பிட்டுப் பாத்துக்க. ஸ்டார்ட் ஆவுறதுக்கே சுமாரா 200 பாராவது வேணும். அது வர்ற வரைக்கும் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரத் தொறக்க விடாது. நம்ம ரேசன் கடக்காரர் கார்டு இல்லாம அரிசி போடமாட்டார்ல, அதே புடிவாதம். வாளியோட தண்ணிய ஊத்தினா வயரு, சென்சார் எல்லாம் நனஞ்சு புதுசா நாலு வியாதி வரும். கொதிக்கிற இரும்புல பச்சத் தண்ணி பட்டா விரிசல் வேற. ஈரத் துணியப் பம்பு மேல கால்மணி நேரம் போட்டு வைக்கலாம், அம்புட்டுத்தான்.

இப்ப உருட்டி எடுக்குற சமாச்சாரத்துக்கு வா. செல்ஃப்ல எடுக்காதது பள்ளத்துல உருட்டினா எடுக்குதே, ஏன்? செல்ஃப் சுத்துறதவிட சக்கரம் சுத்துறது வேகம். பம்பு வேகமாச் சுத்தினா ஒழுகுறத விட அதிகமா அமுக்கும், 200 பார் ஏறிரும். ஓட்டக் கொடத்துல சின்னச் செம்பால ஊத்தினா நெறயாது, பெரிய வாளியால ஊத்தினா நெறஞ்சிரும். அப்ப உன் வண்டி உனக்குத் தெனமும் மீன் மார்க்கெட்டு மேட்டுல வச்சு என்னா சொல்லிட்டு இருந்திருக்கு? எங்கயோ ஒழுகுதுடான்னு. நீ கல்ல எடுக்குறதுலயே குறியா இருந்துட்ட.

எங்க ஒழுகுதுங்குறதுதான் கேள்வி. பம்புலயா, ரெயில் வால்வுலயா, இல்ல நாலு இன்ஜெக்டர்ல ஒண்ணுலயா. இதுக்கு ஸ்கேனர் வேணும், அது வேணும், இது வேணும்பான். எனக்கு வேண்டியது நாலு பாட்டில். உங்கத்த இருமல் மருந்து குடிச்சிட்டுச் சேத்து வச்சிருக்கா பாரு, எல்லாம் ஒரே அளவு. ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்துற குழாய் மருந்துக் கடையில கெடைக்கும், வாங்கி வச்சிருக்கேன். எப்ப வாங்கினேனா? நீ பொண்ணு பாத்துட்டு வந்த மறுநாளே வாங்கிட்டேன். நீ வந்து கேக்கட்டும்னு இருந்தேன்.

இன்ஜெக்டர் ஒவ்வொண்ணு தலையிலயும் மெல்லிசா ஒரு ரப்பர் குழாய் ஏறியிருக்கு பாரு. அதுதான் ரிட்டர்ன். ஒழுகுன டீசல் திரும்பிப் போற வழி, அதுல அழுத்தம் ஒண்ணும் பெருசா கெடையாது. அத மட்டும் தொடு. பக்கத்துல கெட்டியா இரும்புல வருதே, அதத் தொடாத. அந்தக் காலத்துல ஏர் லாக் பாக்க நாங்க ஓடுற இஞ்சின்லயே நாசில் நட்டத் தளத்துவோம், கையில கொஞ்சம் டீசல் தெறிக்கும், தொடச்சுக்குவோம். இதுல அப்படிப் பண்ணினா சோலி முடிஞ்சுது. கண்ணுக்குத் தெரியாத ஊசி மாதிரி தோலத் தொளச்சு உள்ள டீசலேத்திரும், வெளியில ஒரு பொட்டுத்தான் தெரியும், அப்புறம் வெரல எடுக்குறதா கைய எடுக்குறதான்னு டாக்டர் யோசிப்பார். இதுல மட்டும் நான் வெளையாட்டுக்குச் சொல்லல.

கிளிப்ப எடு. மெதுவா, ரப்பர் காஞ்சிருக்கும், ஒடையும். நாலுலயும் குளுக்கோஸ் குழாயச் செருகி பாட்டில்ல விடு. மருந்துச் சீட்டுல பேனாவால ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு எழுது. பழைய ரிட்டர்ன் குழாயோட அந்தப் பக்கத்து வாய ஒரு போல்ட்டு வச்சு அடச்சிரு, இல்லேன்னா திண்ணை பூரா டீசலாயிரும், உங்கத்த நம்ம ரெண்டு பேரையும் வெளிய விட்டுருவா. இப்ப போயி செல்ஃப் அடி. பத்து வரைக்கும் எண்ணிட்டு நிறுத்து. ஒரு நிமிசம் பொறு. மறுபடி பத்து. இன்னொரு தடவ.

வா, வந்து குனிஞ்சு பாரு. ஒண்ணாம் பாட்டில் அடி லேசா ஈரம். ரெண்டு, காஞ்சு கெடக்கு. நாலு, ஒண்ணு மாதிரிதான். மூணு? கால் பாட்டில் நின்னுருச்சு பாத்தியா? குழாயில இன்னும் சொட்டுது. கையத் தொட்டுப் பாரு, வெதுவெதுன்னு, ரசம்.

நாலும் ஒரே அளவுல காஞ்சு கெடந்து அப்பவும் ஸ்டார்ட் ஆவலேன்னா நான் பம்பையோ ரெயில் வால்வையோ கை காட்டியிருப்பேன். அது பெரிய செலவு. உனக்கு ஒத்த இன்ஜெக்டர்ல போச்சு. பேட்டரி, பிளக்கு, பழம் எல்லாத்தையும் கூட்டினா, மூணாம் நம்பர ரிப்பேர் பார்க்குற காசு எப்பவோ வந்திருக்கும். சரி, கூட்ட வேணாம், சாப்புடுற நேரம்.

வண்டிய போர்ட் பிளேருக்கு ஓட்டிட்டுப் போறேன்னு கெளம்பாத. பேரு ஸ்ரீ விஜயபுரம்னு 2024லயே மாத்திட்டாங்க, என் வாயி இன்னும் மாறல. 240 கிலோமீட்டர். போன தடவ போனப்ப என்ன நடந்துச்சுன்னு உன்கூட வந்த பயலே எல்லாத்தையும் சொல்லிட்டான். உத்தரா பக்கம் பாலம் வந்துட்டதால அந்தக் கண்டம் தப்பிச்ச. பாராடாங்ல நீலாம்பூர் ஜெட்டியில ஏறித்தானே ஆவணும்? ஃபெரில வண்டிய ஏத்தினதும் “இஞ்சின் பந்த் கரோ”ன்னுட்டான், நீயும் அணச்சிட்ட. அந்தக் கரையில மிடில் ஸ்ட்ரெய்ட்ல மத்த வண்டி பூரா எறங்கணும், நீ குறுக்க நிக்கிற. பின்னாடி பஸ்ஸு. அதுல இருந்து வங்காளத்துக்காரர், ராஞ்சிக்காரர், தெலுங்கர், நம்மாளு, வெபி கரேன்காரர் எல்லாம் எறங்கி ஒத்துமையா உன் வண்டியத் தள்ளி, ஆளுக்கொரு பாசையில வாழ்த்தினாங்களாமே. ஜாரவா பழங்குடிக் காட்டுக்குள்ள கூட்டமாப் போற கான்வாய் உனக்காக நிக்குமா? அது போயிருச்சு. அடுத்தது வர்ற வரைக்கும் ஜெட்டியில உக்காந்து வறுத்த மீன் தின்னியாம். நல்லவேள காட்டுக்கு இந்தப் பக்கமே மக்கர் பண்ணுச்சு. உள்ள போயி நின்னிருந்தா, நிறுத்தக் கூடாத எடத்துல ஏன் நிறுத்தினன்னு நீ போலீஸ்காரர்கிட்ட மைக்ரான் கணக்குச் சொல்லியிருக்கணும்.

பல்லு வலிச்சா ஆளே போவணும். இன்ஜெக்டருக்கு அது தேவையில்ல, கழட்டிப் பையில போட்டுக்கிட்டு பஸ்ஸுல போ. நாளைக்கு காலையில வண்டி ஆறினப்புறம் நம்ம மெக்கானிக் தம்பிய வரச் சொல்றேன், அவன் கழட்டுவான். ஒண்ணு மட்டும் கெட்டதுன்னாலும் நாலையும் கொண்டு போயி சோதிச்சுட்டு வா, மூணாவது தேஞ்சா மத்ததும் வயசாளிதான். எது எந்த சிலிண்டர்னு நூல் கட்டி அடையாளம் வையி. தொறந்து கெடக்குற குழாய் வாயெல்லாம் சுத்தமான பிளாஸ்டிக்க வச்சு மூடிக் கட்டு, ஒரு பொட்டுத் தூசி போனா புது இன்ஜெக்டரும் போச்சு. திரும்ப மாட்டுறப்ப செம்பு வாஷர் புதுசு போடணும். இன்ஜெக்டர் மேல எழுத்தும் நம்பருமா ஒரு கோடு இருக்கும், புதுசு போட்டா சில வண்டியில அத ஸ்கேனர் வச்சு கம்ப்யூட்டருக்குச் சொல்லணும். உன்னதுக்கு வேணுமான்னு கடையிலயே கேட்டுட்டு வந்துரு. அதுவரைக்கும் எவனாவது ஏர் ஃபில்டர்ல ஸ்ப்ரே அடிச்சா எடுத்துக்கும்பான். அடிக்க விடாத. நீ போட்ட புது ஹீட்டர் பிளக்கு பழுத்து நிக்கும், அதுல அந்த ஆவி பட்டா பிஸ்டன் ஒடையும்.

எங்க எந்திரிக்கிற? கெளம்பவா? எதுல?

வண்டிய அணைக்கச் சொன்னது நான்தான். இல்லேன்னு சொல்லல. அதுவும் கொதிக்கக் கொதிக்க அணைக்கச் சொன்னேன், ஆறிட்டா ஒழுகுறது தெரியாதுல்ல. நம்ம வாசல் மேடும் இல்ல, பள்ளமும் இல்ல, மட்டமாத்தான் கட்டியிருக்கேன். தள்ளுறதுக்கு எனக்கு முட்டி கெடையாது. ஆறணும்னா ஒரு மணி நேரம் ஆவும். கெளம்புறேன் கெளம்புறேன்னு எத்தன தடவ வாசலோட போயிருக்க, இன்னிக்குத்தான் மாட்டின. உங்கத்த காலையிலயே சூரை மீன வாங்கிக் கொழம்பு வச்சிட்டா. கைய மண்ணெண்ணெயில தொடச்சிட்டு சோப்புப் போட்டுக் கழுவு.

அட, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். நேத்து ராத்திரி ரங்கத்துலேருந்து போன் வந்துச்சு, பொண்ணோட அப்பாதான். பையனப் புடிச்சிருக்காம். வீட்டுல எல்லாருக்கும் சம்மதமாம். ஒரே ஒரு குறை, அடுத்த தடவ வர்றப்ப வண்டிய அணச்சுட்டு உள்ள வரச் சொல்லுங்கன்னார்.

அணச்சுட்டு வருவான், ஆனா திரும்பக் கெளம்ப ஒரு மணி நேரம் ஆவும், பரவால்லையான்னு கேட்டேன்.